ஆறு மனைவியும் ஆறாத புண்ணும்

இங்கிலாந்து ராஜா எட்டாம் ஹென்றியைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்த ஒரே தகவல், அவருக்கு ஆறு மனைவிகள் என்பது. இரண்டு பேரை விலக்கி வைத்தார். இரண்டு பேரின் தலையை எடுத்தார். ஒருத்தி பிள்ளை பெற்ற கையோடு செத்துப் போனாள். கடைசி மனைவி மட்டும் எப்படியோ பிழைத்துக்கொண்டாள். இத்தனை பேர் வந்து போன வாழ்க்கையில், ராஜாவை விட்டுப் பிரியாமல் கடைசிவரை கூடவே இருந்தது ஒன்றே ஒன்றுதான். காலில் இருந்த புண்!

1528 வாக்கில், அவருக்கு முப்பத்தாறு வயது இருக்கும்போது ஆரம்பித்தது. நடுவில் ஆறியது. 1536-ல் குதிரைமேல் ஏறி ஈட்டி குத்தும் விளையாட்டில் ராஜா விழ, ராஜா மேல் குதிரை விழ, அதற்குப் பிறகு விவகாரம் முற்றிவிட்டது. 1538-ல் ஒரு தடவை புண்ணின் வாய் மூடிக்கொண்டு, உள்ளே இருந்தது வெளியே வர வழியில்லாமல், ராஜா முகம் கறுத்துப் பேச்சில்லாமல் கிடந்தார் என்று பிரெஞ்சு தூதர் தன் ஊருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1547-ல் ஹென்றி கண்ணை மூடினார். ஆறு பேரைக் கட்டியவர் 'ஆறாத' ஒன்றையும் சுமந்துகொண்டு போய்ச் சேர்ந்தார்.

அது என்ன புண்? டாக்டர்களும் சரித்திரக்காரர்களும் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். வெரிகோஸ் நரம்பு என்று ஒரு கட்சி. எலும்புக்குள் சீழ் என்று இன்னொரு கட்சி. மேக நோய் என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அதற்கு அந்நாளில் கொடுக்கிற பாதரச வைத்தியம் ராஜாவுக்கு நடந்ததாகக் குறிப்பே இல்லை என்று பலர் அதைத் தள்ளிவிட்டார்கள். ராஜாவே களிம்புகளுக்குச் செய்முறை கண்டுபிடித்தாராம். அந்தக் கைப்பிரதி பிரிட்டிஷ் லைப்ரரியில் பத்திரமாக இருக்கிறது. களிம்பு இருந்தது, காரணம் தெரியவில்லை. பாவம், ரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்பதையே வில்லியம் ஹார்வி 1628-ல்தான் புத்தகம் போட்டுச் சொன்னார். ராஜாவுக்குப் புண் வந்து நூறு வருஷம் கழித்து!

எனவே ஹென்றியை மன்னித்துவிடலாம். நம்மை எப்படி மன்னிப்பது?

திருச்சி உறையூரில் எங்கள் தெருவில் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு ஒருவர் நடந்தால் போதும், வாசலுக்கு வாசல் பிரிஸ்கிரிப்ஷன் கிடைக்கும்.

"மஞ்சளைக் குழைச்சுப் போடுங்க, மூணே நாள்!"

"காபித் தூள் வச்சு அமுக்குங்க சார். டிகாஷன் போட்டதை இல்ல, புதுத் தூள்."

"கத்திரிக்காயை நிறுத்துங்க. கருவாடு பக்கமே போகாதீங்க."

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் மட்டும் வைத்தியம் சொல்ல மாட்டார். பாலிசி எடுத்தாச்சா என்று கேட்டுவிட்டுப் போவார். அவரை நான் மதிக்கிறேன்.

அடியேன் பி.காம். மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள தொடர்பு, டோக்கன் வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்காருவதோடு சரி. ஆனால் காமர்ஸில் ஒரு பாடம் உருப்படியாகச் சொல்லித் தந்தார்கள். ஒரு கம்பெனி நஷ்டத்தில் ஓடுகிறது என்றால், நல்ல ஆடிட்டர் உடனே கடன் வாங்கிக் கொட்டச் சொல்ல மாட்டார். வரவே இல்லையா? வந்தது வெளியே போகாமல் தேங்கிக் கிடக்கிறதா? இல்லை, வாட்ச்மேன் தூங்கிக்கொண்டிருக்க எவனோ அள்ளிக்கொண்டு போகிறானா? இதைக் கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். மாதக்கணக்கில் ஆறாத கால் புண்ணும் அப்படித்தான். எங்கள் தெருவில் ஒரே சமயத்தில் மூன்று பேருக்குப் புண் இருந்தது. மூன்றும் மூன்று விதமான நஷ்டம்.

* * *

முதலாவது, பரோட்டா மாஸ்டர். இருபத்திரண்டு வருஷமாகச் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கல்லுக்கு முன்னால் நின்றால், ராத்திரி ஒரு மணிக்குத்தான் இறங்குவார். இடது கணுக்காலுக்கு மேலே, உள்பக்கமாக ஒரு புண். பழைய எட்டணா அளவில் ஆரம்பித்து உள்ளங்கை அளவுக்கு வந்துவிட்டது. ஆழம் இல்லை, ஓரம் ஒழுங்காக இல்லை, கைலி நனைகிற அளவுக்கு நீர் வடியும். சுற்றிலும் தோல் பழுப்பும் கறுப்புமாக, ஒரே அரிப்பு. முழங்காலுக்குக் கீழே நரம்பு பாம்பு மாதிரி சுருண்டிருக்கும். காலையில் கால் பரவாயில்லை. ராத்திரி கடை மூடும்போது வீங்கிவிடும். தலையணை மேல் தூக்கி வைத்தால் சுகம்.

இது தேங்கிப் போகிற கேஸ். இதயம் ரத்தத்தைக் கீழே அனுப்பிவிடுகிறது. அது மேலே திரும்பி வருவதுதான் கஷ்டம். அதற்காக சிரைகளுக்குள்ளே ஒன்-வே கதவுகள் வைத்திருக்கிறான் ஆண்டவன். நடக்கும்போது ஆடுசதை பிழிந்து பிழிந்து ரத்தத்தை மேலே தள்ளும். சும்மா நிற்கும்போது பாதத்துச் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை இருக்கும். நடந்தால் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். மாஸ்டர் நடக்கவும் இல்லை, உட்காரவும் இல்லை. கதவுகள் பழுதாகி, ரத்தம் தேங்கி, சிவப்பணுக்கள் தோலுக்குள் கசிகின்றன. அதிலுள்ள இரும்பு அங்கேயே தங்கிவிடுகிறது. அந்தப் பழுப்பு நிறம் நிஜமாகவே இரும்புக் கறைதான்! மேல்நாட்டுக் கணக்குப்படி காலில் வரும் நாள்பட்ட புண்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

டாக்டர் என்ன செய்தார்? புண்ணைப் பார்ப்பதற்கு முன் பாதத்தில் நாடி பார்த்தார். ஸ்கேன் எடுத்தார். பிறகு, விரல் அடியிலிருந்து முழங்கால் வரை அடுக்கடுக்காக அழுத்தமான கட்டு. மூன்று மாதத்தில் புண் மூடிவிட்டது. பழுதான சிரையை லேசர் வைத்து அடைத்தார்கள். இப்படி அடைப்பதைச் சீக்கிரமே செய்தால் புண்ணும் சீக்கிரம் ஆறும் என்பதை, இங்கிலாந்தில் 450 பேரை வைத்துப் பரிசோதித்து 2018-ல் வெளியிட்டார்கள். தள்ளிப் போட்டவர்களுக்கு ஆற 82 நாள், சீக்கிரம் செய்துகொண்டவர்களுக்கு 56 நாள் என்பது நடுவாந்திரக் கணக்கு.

மாஸ்டர் மாதிரி நின்றே தேய்கிற ஜனம் ஜவுளிக் கடைகளில் எத்தனை! அவர்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தாயிற்று. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்றும் எட்டிப் பாருங்கள்.

* * *

இரண்டாவது, லாரி புக்கிங் ஆபீஸ் கிளார்க். வயது நாற்பத்திரண்டு. நாளைக்கு இரண்டு கட்டு பீடி. பஸ் ஸ்டாப் போவதற்குள் ஆடுசதையைக் கவ்விப் பிடிக்கும். நின்றுவிடுவார். நிற்பதற்கு ஒரு காரணம் வேண்டுமே, சினிமா போஸ்டரைப் படிக்கிற மாதிரி நிற்பார். ஒரே போஸ்டரை ஒரு வாரம் படித்தார். (ஜெர்மன்காரர்கள் இதற்கு 'கடை ஜன்னல் வியாதி' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். வலிக்கு நிற்கிறவன் ஜன்னலில் சாமான் பார்க்கிற மாதிரி நிற்பானாம். ஊருக்கு ஊர் ஜன்னல்தான் வேறு!)

நகம் வெட்டியபோது கட்டைவிரலில் சின்னக் காயம். ஆறவில்லை. பஞ்ச் பண்ணின மாதிரி ஓரம் வெட்டாக, அடியில் வெளுத்து, நீரே வடியாமல் காய்ந்து கிடந்தது. பாதம் ஜில்லென்று இருக்கும். முழங்காலுக்குக் கீழே ஒரு முடி கிடையாது, தோல் பளபளப்பு. ராத்திரி படுத்தால் உயிர் போகும். காலைக் கட்டிலிலிருந்து தொங்கப் போட்டால்தான் கொஞ்சம் நிம்மதி. அப்படியே உட்கார்ந்து தூங்குவார்.

இது வரவே இல்லாத கேஸ். தமனி அடைத்துக்கொண்டு ரத்தம் கீழே வந்து சேரவில்லை. தொங்கப் போட்டால் புவியீர்ப்பு புண்ணியத்தில் நாலு சொட்டு கூட இறங்கும், அதனால்தான் சுகம். புகையிலை பிடிக்கும் இளவயது ஆண்களுக்கு வருகிற இந்த ரகத்தை லியோ புவர்கர் என்ற டாக்டர் 1908-ல் நியூயார்க்கில் விவரித்தார். அவர் பெயரே வியாதிக்கு நிலைத்துவிட்டது. இதற்கு முதல் மருந்து, பீடியை அணைப்பது. பாதி அணைப்பது இல்லை, முழுசாக.

இப்போது கவனியுங்கள். ராத்திரி பூராவும் தொங்கப் போட்டால் கால் என்ன ஆகும்? வீங்கும். சிவக்கும். பார்க்கிறவனுக்கு 'அடடா, ரத்தம் நிறைய இருக்கு, வீக்கத்தைக் குறைக்கணும்' என்றுதான் தோன்றும். மாஸ்டருக்கும் அப்படித்தான் தோன்றியது.

"தம்பி, எனக்கு இதேதான். இறுக்கிக் கட்டி மேல தூக்கி வச்சோம். இப்ப பாரு!" என்று ஆறின காலைக் காட்டினார்.

"அண்ணே, வலி தாங்கலையே..."

"மொதல்ல அப்படித்தான் இருக்கும். பல்லைக் கடிச்சுக்க."

மெடிக்கல் ஷாப்பில் கிரேப் பேண்டேஜ் வாங்கி, இரண்டு பேருமாகச் சேர்ந்து இறுக்கிக் கட்டி, இரண்டு தலையணை மேல் தூக்கி வைத்தார்கள். ஏற்கெனவே சொட்டு சொட்டாக வந்துகொண்டிருந்த ரத்தத்தைத் துணி ஒரு பக்கம் பிழிந்தது, தலையணை ஒரு பக்கம் தடுத்தது. நாலாம் நாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் கறுத்துவிட்டிருந்தன. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். "ஆரம்பத்திலேயே வந்து, பீடியையும் விட்டிருந்தா, ஒரு விரலோட போயிருக்கலாம்" என்றார் சர்ஜன்.

மாஸ்டர் வெகுநாள் யாருடனும் சரியாகப் பேசவில்லை. அவர் செய்தது துரோகம் இல்லை. தனக்குப் பலித்ததைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். ஒரு காலைக் காப்பாற்றிய அதே துணி இன்னொரு காலைக் கொண்டுபோய்விட்டது.

* * *

இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு கணக்கு இருக்கிறது. கணுக்காலில் ரத்த அழுத்தம் எவ்வளவு, கையில் எவ்வளவு? முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். இதைப் படித்தபோது எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த சந்தோஷம். காமர்ஸில் 'கரன்ட் ரேஷியோ' என்று உயிரை வாங்குவார்களே, அதே ஜாதி!

ஒன்றுக்கு ஒன்று என்று வந்தால் தமனி சௌக்கியம். 0.9-க்குக் கீழே போனால் அடைப்பு இருக்கிறது. 0.8-க்குக் கீழே இருந்தால் மாஸ்டருக்குப் போட்ட மாதிரி முழு அழுத்தக் கட்டு கூடாது. 0.5-க்குக் கீழே என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது, ரத்தக்குழாய் டாக்டரிடம் ஓட வேண்டும். கையடக்க டாப்ளர் கருவியும் பி.பி. பட்டையும் இருந்தால், பத்துப் பதினைந்து நிமிஷ வேலை.

ரேஷியோ இருந்தால் அதில் விண்டோ டிரஸ்ஸிங்கும் இருக்குமே? இருக்கிறது. பல வருஷம் சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்குத் தமனிச் சுவர் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். பட்டையால் அமுக்கினாலும் அமுங்காது. ரேஷியோ 1.3, 1.4 என்று அமோகமாகக் காட்டும். உள்ளே வண்டி ஓடாது. அப்போது கணுக்காலை நம்பாமல் கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பார்கள். விரல் தமனி அவ்வளவாக இறுகுவதில்லை. பேலன்ஸ் ஷீட் ரொம்ப அழகாக இருந்தால் ஆடிட்டர் கேஷ் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லையா, அந்த மாதிரி.

* * *

மூன்றாவது, என் சொந்த அத்தை. சர்க்கரை பதினைந்து வருஷம். உள்ளங்காலில், பெருவிரலுக்குப் பின்னால் அழுந்துகிற இடத்தில், குழிப் புண். சுற்றிலும் காய்த்துப் போன தடித்த தோல். சித்திரை மாசத்து வெயிலில் ஸ்ரீரங்கம் பிரகாரத்தில் எல்லோரும் தவளை மாதிரி குதித்துக்கொண்டு ஓடுவார்கள். அத்தை மட்டும் நிதானமாக நடப்பாள். "எல்லாம் பெருமாள் பார்த்துக்கறார்டா" என்பாள். பெருமாள் பார்த்தாரோ என்னவோ, அத்தையின் நரம்பு பார்க்கவில்லை. அதற்கு உணர்ச்சி போய் வெகுநாளாகியிருந்தது.

"வலிக்கவே இல்லைடா. வலிச்சாத்தானே டாக்டர்கிட்ட போகணும்?"

வாட்ச்மேன் தூங்கிவிட்ட கேஸ் இதுதான். டாக்டர் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையைப் பாதத்தில் அங்கங்கே வைத்து, அது வளைகிற வரை அழுத்தினார். 10 கிராம் அழுத்தம் கொடுத்ததும் வளைகிற இழை. "தொடறது தெரியுதாம்மா?" "எப்போ தொடப் போறீங்க டாக்டர்?" என்றாள் அத்தை. அவர் ஏழாவது இடத்தில் இருந்தார்.

இந்த வலி இல்லாத புண்ணை உலகத்துக்குப் புரியவைத்ததில் நம் மண்ணுக்குப் பங்கு உண்டு. பால் பிராண்ட் என்ற சர்ஜன். 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கையும் காலும் அந்த நோயால் தானாகவே அழுகி விழுகின்றன என்று உலகம் நம்பிய காலம். பிராண்ட் உட்கார்ந்து கவனித்தார். சதையில் கோளாறு இல்லை. வலி தெரியாததால் சுடுகிற பாத்திரத்தைப் பிடிக்கிறார்கள், ஆணியை மிதித்துக்கொண்டே நடக்கிறார்கள். ராத்திரி முழுசாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்ததே, அது எப்படி? விழித்திருந்து பார்த்தபோது புரிந்தது: தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்து, பூனை! நோயாளிகள் ஆளுக்கொரு பூனை வளர்த்தார்கள்.

உள்ளங்கால் புண்ணுக்கு அவர் களிம்பைத் தேடவில்லை. பாதத்துக்கு மாவுக்கட்டுப் போட்டு, அந்த ஒரு இடத்தில் பாரம் விழாமல் செய்தார். புண் ஆறியது. 1966-ல் அமெரிக்காவில் கார்வில் என்ற ஊரின் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனபின், அதே வழி சர்க்கரைக்காரர்களின் கால்களுக்கும் போய்ச் சேர்ந்தது. 2003-ல் காலமானார். அத்தைக்குப் போட்ட மாவுக்கட்டில் கொல்லிமலைக்காரர் ஒருவரின் மூளை இருக்கிறது என்று சொன்னேன். "அப்படியா, நாமக்கல் பக்கமா?" என்று உடனே சொந்தம் விசாரித்தாள்.

அத்தைக்குச் சர்க்கரை கட்டுக்கு வந்து, பாரம் குறைந்து, எட்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. இப்போது செருப்பைப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பார்க்கிறாள். ஒரு நாள் புளியங்கொட்டை கிடைத்தது.

* * *

இந்த மூன்றோடு முடிந்ததா என்றால், இல்லை. ஒரே காலில் இரண்டு காரணம் கூட்டணி வைப்பதுண்டு. சர்க்கரைக் காலில் நரம்பும் தமனியும் சேர்ந்தே கெடும். யானைக்காலில் புண் வரும். சில ரத்த சோகைகளில் வரும். ஓரம் ஊதா நிறத்தில், உள்ளே குடைந்துகொண்டு, மளமளவென்று பரவுகிற ஒரு ரகம் இருக்கிறது. அதைக் கத்தி வைத்துச் சுரண்டினால் இன்னும் பெரிதாகும்! வருஷக்கணக்கான புண்ணும் பழைய தீக்காயத் தழும்பும் சில சமயம் புற்றுநோயாக மாறும். மார்ஜோலின் என்ற பிரெஞ்சு சர்ஜனின் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஓரம் தடித்து வெளியே புரண்டு வந்தாலோ, சரியான வைத்தியம் செய்தும் மூன்று மாதமாக அசையாமல் இருந்தாலோ, ஓரத்தில் ஒரு துளி எடுத்து பயாப்ஸி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

கத்திரிக்காய் விஷயமும் சொல்லிவிடுகிறேன். புண் ஆறுவதற்குப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கஞ்சி மட்டும் குடித்தால், கொத்தனாரை வரச்சொல்லிவிட்டுச் செங்கல்லைத் திருப்பி அனுப்பின கதை. (சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளவும்.)

காலில் ஒரு புண் ஒரு மாதத்துக்கு மேல் தங்கினால், "டாக்டர், இது ஏன் ஆறலை?" என்று கேளுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் மாதக்கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், அன்றைக்கே கேளுங்கள். பாதத்தில் நாடி பார்த்தாரா, ரேஷியோ பார்த்தாரா என்று கவனியுங்கள். பார்க்காமல் அழுத்தக் கட்டு போட வந்தால், மரியாதையாகக் காலை இழுத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரருக்குப் புண் என்றால் வைத்தியம் சொல்லாமல் நம்மால் இருக்க முடியாது, வாஸ்தவம். சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி மட்டும் கேட்டுவிடுங்கள்: "ராத்திரி காலைத் தூக்கி வச்சா சுகமா, தொங்கப் போட்டா சுகமா?"

"தொங்கப் போட்டா" என்று பதில் வந்தால், தயவுசெய்து கட்டுத் துணியைத் தேடாதீர்கள். ஆட்டோவைக் கூப்பிடுங்கள்.